பிள்ளைகளின் அந்தரங்கமும் அவர்களுக்கான பாதுகாப்புத்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை அவுஸ்திரேலியா 2025 டிசெம்பர் 10 ஆம் திகதி முதல் தடுத்ததன் பின்னர், அதே தடை இலங்கைக்கும் வேண்டும் என்ற குரல் யாழ்ப்பாணத்திலும் பலமாகக் கேட்கிறது. கோயில் வீதியிலோ கலியாண வீட்டிலோ பிள்ளைகளையும் தொலைபேசியையும் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வந்து சேர்கிறோம். பிள்ளையைக் காப்பாற்றுவதென்றால் அதன் தொலைபேசியை யாராவது ஒருவர் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்த ஒருவர் பெற்றோரா, கம்பனியா, அரசாங்கமா என்பதில் மட்டுமே கருத்து வேறுபடுகிறது. சுன்னாகம் பகுதியில் கைத்தொலைபேசி விற்பனையும் திருத்த வேலையும் செய்யும் கடையொன்றை நடத்துபவன் என்ற வகையில், இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது, எந்த இடத்தில் அது பிள்ளையையே ஆபத்தில் தள்ளுகிறது என்பதைக் கண்டுவருகிறேன். அதுபற்றி உங்கள் பத்திரிகை வாயிலாகச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன்.

இணையத்தில் வெளியிடப்படும் கூற்றுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2024 ஜனவரி 24 ஆம் திகதி 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 வாக்குகள் எதிராகவும் அளிக்கப்பட்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, "இனி நாங்கள் எழுதிறதெல்லாத்தையும் அவங்கள் பாக்கப்போறாங்கள்" என்று என் கடையில் நின்று கோபப்பட்டவர்கள் பலர். அவர்களுள் சிலர், மகனுடைய வட்ஸ்அப் தமது தொலைபேசியிலும் தெரியும்படி செய்து தரமுடியுமா என்று கேட்டு வந்தவர்கள். இதில் முரண்பாடு எதனையும் அவர்கள் காணவில்லை. "தம்பி, அவன் என்ர பிள்ளை, நான் பாக்காமல் வேற ஆர் பாக்கிறது?" என்று ஒரு தாய் கேட்டார். அந்தக் கேள்வியை நான் இலேசாக எடுக்கவில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தன. பிள்ளை படிக்கவேண்டும் என்பதற்காக, தாங்களே ஒருநாளும் திரைத் தொலைபேசியைக் கையாண்டிராத பெற்றோர் நகையை அடகு வைத்து அதனை வாங்கிக் கொடுத்தார்கள். வாங்கிக் கொடுக்கச் சொன்ன எவரும் அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகவே அவர்களின் பயம் நியாயமானது. பயத்துக்கு அவர்கள் தேடும் மருந்துதான் என்னை யோசிக்க வைக்கிறது.

அவர்கள் கேட்பது தொழில்நுட்ப அளவில் மிகவும் இலகுவான காரியம். பிள்ளையின் தொலைபேசி ஒரு நிமிடம் கையில் கிடைத்தால், வட்ஸ்அப்பில் உள்ள இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதிக்குச் சென்று ஒரு கியூஆர் குறியீட்டைப் பிடித்தவுடன், பிள்ளைக்கு வருகின்ற செய்திகள் இன்னொரு திரையிலும் வரத் தொடங்கிவிடும். இதே வேலையை மனைவியின் தொலைபேசியில் செய்து தரும்படி கணவன்மார் கேட்கிறார்கள். தங்கச்சியின் தொலைபேசி என்று சொல்லி, தங்கச்சி வயதில் உள்ள வேறொருத்தியின் தொலைபேசியைக் கொண்டுவரும் இளைஞர்களும் உண்டு. எதிரில் நிற்பவர் உண்மையில் யார் என்று கடைக்காரனால் உறுதிசெய்ய முடியாது. எனவே எவருக்கும் அதனைச் செய்து கொடுப்பதில்லை என்பது எங்கள் கடையின் முடிவு. இதனால் வாடிக்கையாளர் சிலரை இழந்திருக்கிறோம், அது வேறு கதை. இரகசியமாகக் கண்காணிக்கும் செயலிகளைக் காசு கொடுத்து வாங்கிப் போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பிள்ளையின் செய்திகளும் படங்களும் இருப்பிடமும் முதலில் போய்ச் சேருவது அந்தக் கம்பனியின் கணினிக்கு, அங்கிருந்துதான் அவை பெற்றோரிடம் வருகின்றன. இப்படியான செயலிகளுள் பெயர்பெற்ற எம்ஸ்பையின் வாடிக்கையாளர் விபரங்கள் 2024 இல் இலட்சக்கணக்கில் கசிந்தன. அதற்கு முன்னர் 2015 இலும் அதே கம்பனியின் தரவுகள் வெளியாகியிருந்தன. பிள்ளையை அந்நியரிடமிருந்து காப்பாற்றுவதற்காக அதன் வாழ்க்கை முழுவதையும் இன்னோர் அந்நியரிடம் ஒப்படைப்பதை நான் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன்.

கடந்த ஆண்டு சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் அடுத்தடுத்த நாள்களில் கடைக்கு வந்து, ஒரே இலக்கத்துக்கு ரீலோட் போடச் சொன்னான். அந்த இலக்கம் அவனுக்கு மனப்பாடம் இல்லை. கணிதக் கொப்பியின் பின்மட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருந்தான். பிறகொரு நாள் அவன் மேசையில் வைத்த காசு பத்து ரூபாய், இருபது ரூபாய்க் குற்றிகளாக இருந்தது. உண்டியலை உடைத்திருக்கிறான் என்று விளங்கியது. ரீலோட் போடாமல், கடையில் ஆள் குறையும்வரை அவனை இருக்கச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அண்ணை, ஒருக்கா அனுப்பின படத்தை அவங்கட போனிலயிருந்து அழிக்க ஏலுமோ?" என்று கேட்டான். ஒரு பெண்பிள்ளையின் பெயரில் அறிமுகமான கணக்கு, ஒரு படம், அதன்பின் மிரட்டல், பணம் என்று மிகுதியை நான் ஊகிக்கவேண்டியதாக இருக்கவில்லை. இது உலகெங்கும் பதின்வயதுப் பையன்களைக் குறிவைத்து ஒரே முறையில் நடத்தப்படும் கொள்ளை. அவனது தகப்பன் ஒவ்வோர் இரவும் தொலைபேசியை வாங்கி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பவர் என்பதையும், அவர் பார்க்கத் தொடங்கியதால்தான் இவன் இன்ஸ்ரகிராமில் இரண்டாவது கணக்கைத் திறந்து, வீட்டுக்குப் போகுமுன் அதிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தான் என்பதையும் அவனே சொன்னான். "அப்பாவுக்குத் தெரிஞ்சால் போனை உடைப்பார், ரியூசனையும் நிப்பாட்டிப்போடுவார்" என்றான். பணம் அனுப்பவேண்டாம், செய்திகளை அழிக்கவேண்டாம், அவையே சாட்சி என்று சொல்லி, வீட்டில் யாரிடம் சொல்லமுடியும் என்று கேட்டேன். மாமாவிடம் என்றான். மாமா அன்று பின்னேரமே வந்தார், முறைப்பாடும் செய்யப்பட்டது. இதற்குமேல் எழுதினால் ஊரில் அவன் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தப் பையனின் வீட்டில் கண்காணிப்புக்குக் குறைவிருக்கவில்லை. மிரட்டியவனுக்குப் பலமாக இருந்தது பையன் அனுப்பிய படம் அல்ல. வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பையனின் பயமே. ஒவ்வோர் இரவும் நடந்த சோதனை அந்தப் பயத்தைக் கூட்டிக் கொடுத்தது. பிள்ளையின் அந்தரங்கத்தை மதிப்பது பிள்ளையைக் கைவிடுவதாகும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தனித் தொலைபேசி தேவையில்லை. பெற்றோரின் தொலைபேசியை விறாந்தையில், பெரியவர்கள் பார்க்க இருந்து பாவிக்கட்டும். பன்னிரண்டு வயதில், கூகிளின் ஃபமிலி லிங்க் போன்ற, பிள்ளைக்கும் தெரிந்தே இயங்குகின்ற கட்டுப்பாடு போதும். அது எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பாவிக்கலாம் என்று வரையறுக்கும், செய்திகளை வாசித்துக் காட்டாது. பதினைந்து பதினாறு வயதில், பிழை நடந்தாலும் அடி விழாது, படிப்பு நிற்காது, தொலைபேசி பறிபோகாது என்ற உறுதிமொழியை முற்கூட்டியே கொடுத்து, அதனைக் காப்பாற்றுவதுதான் எந்தச் செயலியையும்விடப் பெரிய காவல். இது என் சொந்தத் தத்துவம் மட்டுமல்ல. இலங்கை 1991 இல் ஏற்று உறுதிப்படுத்திய சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16 ஆவது உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தில் தன்னிச்சையாகத் தலையிடக்கூடாது என்கிறது. அதே சமவாயத்தின் 19 ஆவது உறுப்புரை பிள்ளையை எல்லா வகைத் துன்புறுத்தலிலிருந்தும் காக்கவேண்டும் என்கிறது. இரண்டையும் எழுதியவர்கள் ஒன்றை விட்டால்தான் மற்றதைப் பெறலாம் என்று கருதவில்லை.

அரசாங்கம் பார்க்கட்டும் என்பவர்களுக்கு வருவோம். நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அன்றைய அரசு சொன்ன முக்கிய நியாயங்களுள் ஒன்று பெண்களையும் சிறுவர்களையும் காப்பது என்பதாகும். ஆனால் அந்தச் சட்டம் அமைக்கும் ஐந்துபேர் கொண்ட ஆணைக்குழுவுக்கு எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரமும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. படையினருக்குக் குடும்பப் பதிவுப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தும், வீட்டுக்கு வந்து போகும் விருந்தாளியின் பெயரைக்கூடச் சொல்லியும் வாழ்ந்த ஒரு மாவட்டத்தில், முகநூலில் நினைவுகூரல் படம் பகிர்ந்ததற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இளைஞர்கள் கைதானதைப் பார்த்த ஒரு மாகாணத்தில், "மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்?" என்று எவராவது கேட்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பிள்ளைகளுக்காகத் திறக்கப்படும் கதவு பிள்ளைகளின் விடயம் முடிந்தவுடன் தானாக மூடிக்கொள்வதில்லை.

ஆயினும் மறுபக்கத்தின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். சிறுவர்மீதான பாலியல் கொடுமையின் படங்கள் இணையத்தில் பரவுவது கற்பனையன்று. அமெரிக்காவில் இயங்கும் காணாமற்போன மற்றும் சுரண்டப்படும் சிறுவர்களுக்கான தேசிய நிலையத்துக்கு 2023 ஆம் ஆண்டில் மட்டும் 36.2 மில்லியன் முறைப்பாடுகள் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கம்பனிகளே கண்டுபிடித்து அனுப்பியவை. 2009 இல் மைக்ரோசொஃப்ற் உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ போன்ற முறைகளில், ஏற்கனவே அறியப்பட்ட கொடுமைப் படம் ஒன்றுக்கு ஒரு எண் அடையாளம் கணிக்கப்படும்; அதே அடையாளம் உள்ள படம் எங்காவது ஏற்றப்படும்போது பிடிபடும். எமது வீட்டுப் பிள்ளை குளிக்கும் படத்தை யாரும் அதில் பார்ப்பதில்லை. பொதுத் தளங்களில் இதனை எதிர்ப்பதற்கு ஒரு நியாயத்தையும் நான் காணவில்லை.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. புதிய படத்தைக் கணினியே பார்த்து இது குற்றம் என்று ஊகிக்கும் முறையில் என்ன நடக்கும் என்பதை, சான்பிரான்சிஸ்கோவில் வாழும் ஒரு தகப்பனுக்கு நேர்ந்தது காட்டுகிறது. 2021 இல் தன் சிறு மகனுக்கு ஏற்பட்ட நோயை மருத்துவரிடம் காட்டுவதற்காக அவர் எடுத்த படத்தைக் கூகிள் குற்றமாகக் கருதி அவரது கணக்கை முடக்கியது. பொலிஸார் விசாரித்துக் குற்றமில்லை என்று முடிவுசெய்த பின்னரும் கணக்கு திருப்பிக் கொடுக்கப்படவில்லை. கனடாவில் இருக்கும் மருத்துவரான உறவினருக்குப் பேரப்பிள்ளையின் சொறியைப் படமெடுத்து வைபரில் அனுப்பும் எமது பாட்டிமாரை எண்ணிப் பார்த்தால் இது தூரத்துச் சங்கதியாகத் தோன்றாது. தொலைபேசிக்குள்ளேயே படங்களை ஒப்பிடும் திட்டத்தை 2021 ஓகஸ்டில் அறிவித்த அப்பிள் கம்பனி, நாளை ஓர் அரசு வேறு படங்களையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் என்ன செய்வது என்ற கேள்வி உட்படப் பல கண்டனங்களுக்குப் பிறகு 2022 டிசெம்பரில் அதனைக் கைவிட்டது. அந்தக் கேள்வியை அமெரிக்கர்களே கேட்டார்களென்றால், நாங்கள் எவ்வளவு உரத்துக் கேட்கவேண்டும்?

வயதுச் சோதனை பற்றியும் சுருக்கமாக ஒன்று சொல்லவேண்டும். பதினாறுக்குக் கீழ்ப்பட்டவரைத் தடுப்பதானால், பதினாறுக்கு மேற்பட்டவர்களின் வயதும் ஏதாவதொரு வகையில் சோதிக்கப்பட வேண்டும் என்பதைப் பேசுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். அடையாள அட்டையை மட்டுமே ஒரே வழியாகக் கேட்கக்கூடாது என்று அவுஸ்திரேலியச் சட்டமே சொல்கிறது. இங்கு அப்படியொரு சட்டம் வந்தால் முதலில் கேட்கப்போவது அடையாள அட்டையைத்தான். டிஸ்கோர்ட் என்னும் இணைய உரையாடல் தளத்தில் வயதை நிரூபிக்கக் கொடுக்கப்பட்டவை உட்பட ஏறக்குறைய 70,000 பேரின் அடையாள ஆவணப் படங்கள் வெளியார் கைக்குப் போயிருக்கலாம் என்று 2025 ஒக்ரோபரில் அக்கம்பனியே அறிவித்தது. சிம் அட்டைக்காக வாங்கிய அடையாள அட்டைப் பிரதிகள் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடந்ததை என் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். அவுஸ்திரேலியாவின் அனுபவம் என்ன பலன் தருகிறது என்று சில ஆண்டுகள் பார்த்துவிட்டு முடிவெடுப்பதால் எமக்கு ஒரு நட்டமும் இல்லை.

ஆனால் ஐயா, கம்பனியையும் அரசையும் பற்றி இவ்வளவு பேசும் நாங்கள், பிள்ளைகளின் அந்தரங்கத்தை நாங்களே எப்படி நடத்துகிறோம்? ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்த மறுநாள், பத்து வயதுப் பிள்ளையின் முகம், முழுப்பெயர், பாடசாலை, புள்ளி, தகப்பனின் தொழில் எல்லாம் சந்திப் பதாகையிலும் முகநூலிலும் வருகின்றன. சாமத்திய வீட்டுக் காணொளியை எடுத்த ஸ்ரூடியோக்காரர் அதனைத் தமது விளம்பரமாக யூரியூப்பில் போடுகிறார்; பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை தண்ணீர் வார்க்கப்படும் காட்சியை முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளையிடம் ஒருவரும் கேட்டதில்லை. தகப்பனிடமும் கேட்டதாகத் தெரியவில்லை, அவர் பேசாமல் இருந்ததே சம்மதமாயிற்று. முகம் தெரியும் ஒரு படம் கிடைத்தால் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கொண்டு அசிங்கமான படமொன்றைச் செய்துவிடக்கூடிய காலம் இது என்று சொன்னால், "எங்கட பிள்ளையை ஆர் அப்பிடிச் செய்யப்போறாங்கள்?" என்பதே பதில்.

எல்லாவற்றிலும் மோசமானது உதவிக் காணொளிகள். புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் பணத்தில் உலருணவுப் பொதியுடன் ஒரு வீட்டுக்குப் போகிறார்கள். கமரா முதலில் தகரக் கூரையைக் காட்டும், பிறகு அடுப்படியைக் காட்டும், பிறகு பிள்ளையின் முகத்துக்கு வரும். அப்பா எங்கே, எப்போது விட்டுப் போனார், இன்று என்ன சாப்பிட்டாய் என்று கேள்விகள் தொடரும். தாய் அழுதால் அந்த இடம்தான் காணொளியின் முகப்புப் படம். மறுநாள் அந்தப் பிள்ளை அதே பாடசாலைக்குப் போகவேண்டும். தகப்பனில்லாத, வறுமைப்பட்ட ஒரு பிள்ளை எந்தக் கிராமத்தில், எந்த வீட்டில் இருக்கிறது என்பதைத் தவறான எண்ணம் கொண்ட ஒருவன் அறிய விரும்பினால், அவனுக்கு இதைவிட வசதி வேறில்லை. பணம் அனுப்பியவருக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்றால் பற்றுச்சீட்டும் தாயின் கையொப்பமும் போதும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளை ஒன்றின் தரவுகளை, கூடுதல் பாதுகாப்புக்குரிய விசேட வகைத் தரவுகளுள் சேர்த்திருக்கிறது. அதனை முழுமையாக நடைமுறைப்படுத்துவது 2025 மார்ச்சில் பிற்போடப்பட்டபோது அதுபற்றி எவரும் பெரிதாகக் குரல் எழுப்பவில்லை. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாகிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கு எழும்பிய குரலில் பாதியாவது அதற்கும் எழும்பியிருக்கலாம்.

அந்தரங்கத்தை உடைக்காமலே பிள்ளையைக் காக்கும் வழிகள் ஏற்கனவே இருக்கின்றன என்பதையும் வாசகர்கள் அறியவேண்டும். 2023 பெப்ரவரியில் மேற்சொன்ன அமெரிக்க நிலையம் ஆரம்பித்த ரேக் இற் டவுன் என்னும் இலவச சேவையில், பதினெட்டு வயதுக்கு உட்பட்ட காலத்தில் எடுக்கப்பட்ட தமது படத்தைப் பற்றிப் பயப்படும் ஒருவர், பெயர் சொல்லாமலே முறைப்பாடு செய்யலாம். படம் அவரது தொலைபேசியை விட்டு வெளியே போவதில்லை. அதன் எண் அடையாளம் மட்டும் முகநூல், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக் போன்ற தளங்களுக்குக் கொடுக்கப்பட்டு அங்கு தடுக்கப்படுகிறது. வட்ஸ்அப் போன்ற, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே வாசிக்கக்கூடியவாறு மறைகுறியாக்கப்பட்ட உரையாடல்களுக்குள் அது செல்லுபடியாகாது என்பது உண்மை. ஆனாலும் மிரட்டுபவனின் ஆயுதத்தில் பாதியை அது பறித்துவிடும். இங்கு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் இலவசமாக, தமிழிலும் அழைக்கலாம். பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். கணினிச் சேவை நடத்துபவர் தமது இடம் சிறுவர் பாலியல் துஷ்பிரயோகத்துக்குப் பயன்படாதவாறு பார்த்துக்கொள்ளவும், அறியவந்தால் பொலிஸுக்குத் தெரிவிக்கவும் வேண்டும் என்று தண்டனைச் சட்டக்கோவையின் 2006 ஆம் ஆண்டுத் திருத்தம் கடமை விதித்திருக்கிறது. என் தொழிலில் உள்ள பலருக்கு அப்படியொரு கடமை இருப்பதே தெரியாது. வணிகர் கழகங்கள் இதனைத் தமது உறுப்பினர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். பொலிஸ் நிலையங்களின் சிறுவர், பெண்கள் பிரிவுகளில் எந்த நேரத்திலும் தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் இருக்கவேண்டும் என்று எமது மக்கள் பிரதிநிதிகள் கேட்பது, தடைச் சட்டம் கேட்பதைவிட உடனடிப் பயன் தரும்.

கடைசியாக உங்களிடமும் உங்கள் சக பத்திரிகைகளிடமும் ஒரு வேண்டுகோள். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டக்கூடிய எதனையும் வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எமது நாட்டில் குற்றம். பெயரை எழுதாமல் விட்டுவிட்டு, இன்ன கிராமம், இன்ன தரத்தில் படிக்கும் மாணவி, சிறிய தந்தை கைது என்று எழுதும்போது, அந்தக் கிராமத்தில் பெயர் தெரியாதவர் எவரும் இருப்பதில்லை. அந்தச் செய்தி இணையப் பதிப்பில் அவள் திருமணம் செய்யும் காலத்திலும் கிடக்கும். இத்தகைய செய்திகளில் மாவட்டத்துக்குக் கீழே எந்த இடப்பெயரையும், சந்தேகநபரின் உறவுமுறையையும் தவிர்க்கலாம். அந்த இடத்தில் 1929 என்ற இலக்கத்தையும், எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம் என்ற ஒரு வரியையும் அச்சிட்டால், செய்தியை வாசிக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது உதவும்.

இங்ஙனம்,
கைத்தொலைபேசி திருத்துநர் ஒருவர்,
சுன்னாகம்.